பாடம் 7: கூட்டமும் தலைமையும்

மக்கள் திரளாகக் கூடுவது தீயதன்று. திருவிழாவில் கூடுகின்றனர், விளையாட்டு அரங்கில் கூடுகின்றனர், அமைதியாகக் கலைந்தும் செல்கின்றனர். ஆயின் அச்சமும் வதந்தியும் சினமும் புகுந்தால் அத்திரளே கலகமாக மாறுகிறது. தனியே நிற்கும்போது செய்யக் கூசும் செயலை, முகமும் பெயரும் மறைந்துவிடும் கூட்டத்தின் நடுவே மனிதன் துணிந்து செய்கிறான். அவ்வேளையில் தலைவர்கள் நடந்துகொள்ளும் முறை ஒரு நகரையே காக்கவும் கூடும், அழிக்கவும் கூடும். இதற்குக் கல்கத்தா எனப்பட்ட இன்றைய கொல்கத்தா நகரின் வரலாறு சான்றாகும்.

மூண்ட கலவரம்

1946 ஆகஸ்டு 16ஆம் நாளை 'நேரடி நடவடிக்கை நாள்' என முஸ்லிம் லீக் அறிவித்தது. அப்போது வங்காள அரசின் தலைவராக இருந்தவர் சுஹ்ராவர்தி. அவரது அரசு அன்று பொது விடுமுறை அளித்தது. மைதானத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அன்று மூண்ட கலவரம் சில நாட்கள் நீடித்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். கலவரத்தை உரிய காலத்தில் தடுக்கவில்லை என்னும் பழி சுஹ்ராவர்தியைச் சூழ்ந்தது.

பெலியாகாட்டா இல்லம்

ஓராண்டு கழிந்தது. நாட்டுப் பிரிவினையை ஒட்டி நகரில் மீண்டும் பதற்றம் நிலவியது. 1947 ஆகஸ்டு 13 அன்று காந்தியடிகள் பெலியாகாட்டாவிலுள்ள ஹைதரி மன்ஜில் என்னும் பழைய வீட்டில் தங்கினார். சுஹ்ராவர்தியையும் உடன் தங்கச் செய்தார். சினமுற்ற இளைஞர்கள் வீட்டைச் சூழ்ந்து எதிர்ப்புக் காட்டினர். காந்தியடிகள் அவர்களை அழைத்துப் பேசினார். மறுநாள், கூட்டத்தினர் முன்னாண்டுக் கொலைகளைப் பற்றி வினவியபோது, அவற்றுக்குத் தாம் பொறுப்பு என்று சுஹ்ராவர்தி ஒப்புக்கொண்டார். கொதித்து நின்ற கூட்டம் தணிந்தது. விடுதலை நாளன்று இந்துக்களும் முஸ்லிம்களும் தெருக்களில் ஒன்றாக மகிழ்ந்தனர்.

உண்ணாநோன்பு

அந்த அமைதி நிலைக்கவில்லை. ஆகஸ்டு 31 இரவு ஒரு கும்பல் அவ்வீட்டையே தாக்கியது. காந்தியடிகளை நோக்கிக் கல்லும் தடியும் வீசப்பட்டன. மறுநாள் நகரில் மீண்டும் உயிர்கள் பலியாயின. அன்றிரவு அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த இராஜாஜி, குண்டர்களை எதிர்த்து உண்ணாநோன்பு இருக்க இயலுமா என வினவினார். குண்டர்களுக்குப் பின்னால் நிற்போரின் உள்ளத்தைத் தொடுவதே தம் நோக்கம் என்றார் காந்தியடிகள். வன்முறையாளர் சிலரே, கண்டும் காணாதிருக்கும் நல்லோரின் மௌனமே அவர்களுக்கு வலிமை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மௌனம் கலைந்தது. பலர் அமைதிப் பணியில் இறங்கினர். சச்சீந்திரநாத் மித்ரா, ஸ்மிருதீஷ் பானர்ஜி ஆகியோர் அப்பணியிலேயே உயிர் துறந்தனர். இளைஞர்கள் ஆயுதங்களைக் கொணர்ந்து ஒப்படைத்தனர். செப்டம்பர் 4 அன்று பல்வேறு கட்சி, சமயத் தலைவர்கள் நோன்பை முடிக்குமாறு வேண்டினர். வாய்மொழி உறுதி மட்டும் போதாது என்றார் காந்தியடிகள். கலவரம் மீண்டும் நிகழாமல் காப்பதாக அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டனர். அதன்பின், 73 மணி நேர நோன்பைச் சுஹ்ராவர்தி அளித்த எலுமிச்சைச் சாறு அருந்தி அவர் முடித்தார்.

கூட்டத்துக்குப் பெயர் இல்லை. கையொப்பத்துக்குப் பெயர் உண்டு. பெயரற்ற திரளில் கரைந்த மனிதரை, தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கும் மனிதராக மீட்பதே தலைமையின் கடமையாகும்.

சொற்பொருள்

கூசும் – தயங்கும், வெட்கும்
வதந்தி – ஆதாரமற்ற செய்தி
பழி – குற்றச்சாட்டு

பயிற்சி

1. கூட்டத்தில் மனிதன் தவறு செய்யத் துணிவது ஏன்?
2. இராஜாஜியின் வினாவும் காந்தியடிகளின் விடையும் உணர்த்துவன யாவை?
3. காந்தியடிகள் எழுத்துவடிவ உறுதியைக் கேட்டது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. வகுப்பில் ஒரு வதந்தி பரவினால் மாணவர் தலைவர் செய்ய வேண்டுவன குறித்துக் கலந்துரையாடுக.