தண்டவாளத்துக்கு அப்பால் கடல்

வெள்ளவத்தையில் கடலுக்குப் போவதென்றால் முதலில் தண்டவாளத்தைக் கடக்கவேண்டும். மரைன் டிரைவில் நின்று பார்த்தால் அலை கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் நடுவில் கோட்டையிலிருந்து மாத்தறைப் பக்கம் போகிற இரட்டைத் தண்டவாளம் கிடக்கிறது. கடலுக்குள் நான் பட்ட பயமெல்லாம் மறந்துபோய்விட்டது. அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் ஒருநாள் நடந்தது மட்டும் இன்றைக்கும் நித்திரையைக் குழப்புகிறது.

தங்கச்சியின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிறு பின்னேரம் இராமகிருஷ்ண வீதி கடலைத் தொடும் இடத்துக்குக் கிட்ட அவளுடைய கையைப் பிடித்தபடி நின்றேன். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து கோச்சி வந்தது. கதவில் தொங்கியபடி வந்தவர்களுக்குப் பிள்ளை கை காட்டினாள். கடைசிப் பெட்டி எங்களைத் தாண்டியதும் "வாங்கோ பெரியம்மா" என்று என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு பாய்ந்தாள். அந்தக் கோச்சி மறைத்திருந்த கடற்பக்கப் பாதையில், தெஹிவளையிலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தது. முதல் கோச்சியின் இரைச்சலும் அலையின் இரைச்சலும் சேர்ந்ததில் இரண்டாவதின் சத்தம் தனியாகக் கேட்கவே இல்லை.

பக்கத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அவருடைய சுளகு சரிந்து கச்சான் முழுக்கக் கற்களுக்குள் கொட்டியது. கோச்சி போய் முடிந்த பிறகும் எனக்குக் கால் நடுங்கியது. அவர் திட்டவில்லை. "விரலைப் பிடிச்சா வழுக்கும் பிள்ளை, மணிக்கட்டைப் பிடி" என்று மட்டும் சொன்னார். கச்சானுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது சட்டம். பிள்ளைகளை மணிக்கட்டில்தான் பிடிப்போம். ஒரு கோச்சி போனால் அதன் கடைசிப் பெட்டி நன்றாகத் தூரப்போய், இரண்டு பாதையும் இரண்டு பக்கமும் வெறுமையாகத் தெரியும்வரை கால் எடுத்து வைக்கமாட்டோம். ஃபோன் பைக்குள் போய்விடும். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதும், பம்பலப்பிட்டிக்குக் குறுக்குவழி என்று அதன் மேலே நடந்து போவதும் எவ்வளவு பழகிய ஆட்களானாலும் வேண்டாம். எத்தனையோ வருடம் அப்படி நடந்தவர்களும் செத்திருக்கிறார்கள்.

தண்டவாளத்தைத் தாண்டினால் கருங்கற்கள். பச்சைப்பாசி பிடித்த கல்லில் செருப்போடு நின்றால் கட்டாயம் சறுக்கும். காய்ந்த கல்லில் மட்டும் இருக்கலாம், அதுவும் அலை நனைக்காத உயரத்தில்.

அப்பா ஊரில் கடலோடு வளர்ந்தவர். "சோழகம் அடிக்கிற காலத்தில் மேற்குக் கடலை நம்பாதே" என்பார். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கொழும்புக் கடல் வேறு கடல். அந்த மாதங்களில் நாங்கள் கால்கூட நனைப்பதில்லை. டிசம்பருக்குப் பிறகு கடல் அடங்கும். அப்போதும் நான் முதலில் பத்து நிமிடம் கரையிலிருந்து பார்ப்பேன். அலைகள் வரிசையாக உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், மண் கலங்கிய நிறத்தில் அமைதியாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு இறங்க நல்ல இடம் போலத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்கு ஓடுகிற வழி அதுதான். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நேரே நீந்தக்கூடாது, களைத்துப்போய்த் தாழ்வோம். மிதந்தபடி கரைக்குச் சமாந்தரமாக ஒதுங்கி, இழுவை விட்ட பிறகு திரும்பவேண்டும். குளிக்கத்தான் வேண்டுமென்றால் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்கிற கல்கிசைக்குப் போங்கள். அங்கேயும் சிவப்புக்கொடி நின்றால் திரும்பி வாருங்கள்.

நான் எங்கு போனாலும் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கூட வரும். போகும்போது நிரம்பியிருக்கும், பிள்ளைகளின் கால் மண்ணைக் கழுவ. கழுவியதும் மூடியை இறுக்கி வைத்துக்கொள்வேன். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் எறிவதற்கு அது நல்ல மிதவை. நீந்தத் தெரியும் என்று பின்னால் குதித்து இரண்டு பேராகப் போனவர்களின் கதைகள் எங்கள் கரையில் நிறைய உண்டு. மிதவையை எறியுங்கள், கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990 அம்பியுலன்சுக்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் இதே தண்டவாளத்தால் போன சமுத்திரதேவி என்ற கோச்சிதான் பெரலியவில் சுனாமிக்குள் அகப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு அழிந்தது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அடியில் கிடக்கிற மீனையும் கல்லையும் பார்க்கப் போகாமல், மேட்டுப்பக்கம், காலி வீதியையும் தாண்டி ஓடவேண்டும்.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அம்மா இன்னும் அங்கேதான். அவவைப் பார்க்கப் போனால் பின்னேரம் மட்டக்குளியில் இருக்கிற காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோம். நடக்க நல்ல இடம், கடல் காற்றும் தாராளம். ஆனால் களனி கங்கை கடலில் விழுகிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. மோதரைக்குத் தமிழில் முகத்துவாரம் என்று பெயர் வந்ததும் அந்த ஆற்றுவாயால்தான். ஆறும் கடலும் முட்டுகிற இடத்தில் மண்திட்டு இடம் மாறிக்கொண்டேயிருக்கும். நேற்று முழங்கால் அளவு நின்ற இடம் இன்று ஆளை விழுங்கும். அங்கே யாரும் குளிக்க இறங்கவேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். மழை பெய்தால் நகரத்தின் குப்பையும் கழிவும் ஆற்றோடு வரும். வெள்ளவத்தையிலும் அப்படித்தான்: பெருமழைக்குப் பிறகு கால்வாய் கடலில் கலக்கிற பக்கம் ஒரு வாரம் போவதில்லை.

காக்கைத்தீவில்தான் ஒருநாள் தங்கச்சியின் மகள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "பெரியம்மா, சவ்வரிசி." வெள்ளை மணிகள், சில மஞ்சளாகிப்போயிருந்தன, ஒன்றிரண்டு கருகியிருந்தன. நசுக்கினேன், நசுங்கவில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அதில் இருந்த 1,486 கொள்கலன்களுக்குள் பிளாஸ்டிக் மணிகளும் 25 டொன் நைத்திரிக் அமிலமும் இருந்தன. செத்த ஆமைகள் கரை ஒதுங்கின, மீனவக் குடும்பங்களின் பிழைப்பு நின்றது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. பணம் எப்போது வந்தாலும் அந்த மணிகள் மண்ணுக்குள்ளேதான் கிடக்கும். பிள்ளைகளை அவற்றை வெறுங்கையால் பொறுக்கவிடாதீர்கள், வாயில் வைத்தால் உடனே எடுத்துவிடுங்கள். அன்று அவளுடைய கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

அதைக் கண்ட பிறகு கடற்கரையில் ஒரு ஸ்ட்ரோவைக்கூட விட்டுவர எனக்கு மனம் வருவதில்லை. பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு எல்லாம் 2023 ஒக்டோபரிலேயே தடை செய்யப்பட்டவை. சாப்பாட்டைச் சில்வர் டப்பாவில் கொண்டுபோகிறோம், கச்சான் கோதைக் கடதாசிச் சுருளிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் அதன் பக்கத்தில் பையை வைத்துவிட்டு வராதீர்கள். நாய்கள் கிழிக்கும், காகங்கள் இழுக்கும், இரவுக்குள் எல்லாம் கடலில் இருக்கும்.

கொழும்பில் பொழுது சட்டென்று இருட்டும். சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கல்லும் தண்டவாளமும் ஒரே கறுப்பு. ஆறு மணிக்கே பிள்ளைகளைக் கூட்டி, செருப்புகளை எண்ணி, மணிக்கட்டைப் பிடித்துத் தண்டவாளத்தைக் கடந்துவிடுவோம். சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதை மரைன் டிரைவ் கட்டில் இருந்தும் முழுதாகப் பார்க்கலாம். கச்சானும் அங்கேயே வாங்கலாம்.