சிம் இல்லாத டேப்லெட்டிலும் எஸ்.எம்.எஸ்.

மிளகு, காபி விலை கேட்டு வியாபாரிகளுக்கு அடிக்கடி எஸ்.எம்.எஸ். அனுப்புகிறேன். போனின் சின்ன எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. மகள் கொடுத்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் சிம் போட இடமில்லை. அதிலிருந்து அனுப்ப முடியுமா?
– வாசகர், செம்மேடு, கொல்லிமலை

தாராளமாக முடியும். சிம் போனிலேயே இருக்கட்டும். போன், டேப்லெட் இரண்டிலும் 'கூகுள் மெசேஜஸ்' செயலி வேண்டும். டேப்லெட்டில் அதைத் திறந்து இணைக்கச் சொன்னால் கியூஆர் கட்டம் தோன்றும். போனில் அதே செயலியின் மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தட்டி, 'டிவைஸ் பேரிங்' பகுதிக்குப் போய் அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பெரிய திரையில் நிதானமாக எழுதலாம்.

இது குறுக்கு வழியல்ல. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் அனுப்பிய உலகின் முதல் எஸ்.எம்.எஸ்.ஸே கணினியிலிருந்துதான் போனுக்குப் போனது!

நீங்கள் எழுதுவது டேப்லெட்டில், அனுப்புவது போன். எனவே போனுக்கு டவர் சிக்னலும், இரண்டுக்கும் இணையமும் தேவை. மலையில் ஒரு சரிவில் எடுக்கும் சிக்னல் அடுத்த சரிவில் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் போனை சார்ஜில் வைத்துவிடுங்கள். வைஃபை இல்லையென்றால் போனின் ஹாட்ஸ்பாட் போதும்.

தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 70 குறிகள்தான் அடங்கும்; ஆங்கிலத்தில் 160. கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'கொல்லிமலை' என்ற ஐந்தெழுத்துக்கே 9 செலவாகும். விலையையும் எடையையும் மட்டும் எழுதினால் ஒரே செய்தியில் முடியும்.

வங்கி ஓ.டி.பி.யும் இனி டேப்லெட்டில் தெரியும். அதற்கும் ஸ்கிரீன் லாக் போட்டுவிடுங்கள்.