வழிந்தோடும் மழைநீரும் மாசின் கணக்கும்

முன்னுரை

ஆலைக் கழிவை ஆற்றில் கொட்டும் குழாயைக் கண்ணால் காணலாம், கையால் சுட்டலாம். ஆனால், மழைநீர் வயல்களிலும் வீதிகளிலும் வழிந்தோடி, உரத்தையும் எண்ணெயையும் குப்பையையும் ஆற்றில் சேர்ப்பதற்குத் தனிக் குழாய் ஏதுமில்லை. பல்லாயிரம் இடங்களிலிருந்து வரும் இம்மாசினை மதிப்பிட அறிஞர் கையாளும் கருவியே கணக்கீட்டு மாதிரி. அதன் இயல்பினைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் ஓடுநீரும்

விழும் மழையெல்லாம் ஓர் ஆற்றையோ ஏரியையோ நோக்கி வடியும் நிலப்பரப்பு நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். மேட்டுநிலமே அதன் வரம்பு, ஊரெல்லை அன்று. இப்பகுதியை மண், சரிவு, பயன்பாடு ஆகியவற்றிற்கேற்பச் சிறு கூறுகளாகப் பகுத்துக்கொள்வதே முதற்படியாகும்.

ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு நீர் வழிந்தோடும்? இதனைக் கணிக்க 1950களில் அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறையினர் ‘வளைகோட்டு எண்’ முறையை வகுத்தனர். எண் 100ஐ நெருங்க நெருங்க, நிலம் உறிஞ்சும் நீர் குறையும். தார்ச்சாலைக்குரிய எண் 98. அதன்மீது 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் வழிந்தோடும். எண் 70 உடைய நிலத்திலோ 33 மில்லிமீட்டரே ஓடும். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டராதலின், வேறுபாடு 6 இலட்சம் லிட்டருக்கும் மேலாகும்!

எனினும் நீரளவு மட்டுமே மாசளவு ஆகாது. ஓடுநீரின் அளவை அதில் கரைந்துள்ள மாசின் செறிவால் பெருக்கியே மாசின் எடையைக் காண்பர். ஆதலின், ஓடுநீர் குறைந்த வயலும் உரம் மிகுந்தால் பெருமாசு தரும்.

நகரங்களுக்கென 1971இல் ‘ஸ்வம்’ என்னும் மாதிரியும், வேளாண் நிலங்களுக்கென 1990களின் தொடக்கத்தில் ‘ஸ்வாட்’ என்னும் மாதிரியும் அமெரிக்காவில் உருவாயின. மாதிரியின் கூற்றை அப்படியே ஏற்பதில்லை. சில ஆண்டுகளின் ஆற்று அளவைகளைக் கொண்டு அதனைத் திருத்துவர்; வேறு ஆண்டுகளின் அளவைகளைக் கொண்டு சோதிப்பர்.

ஈரி ஏரி தரும் பாடம்

2014 ஆகஸ்டு 2ஆம் நாள், அமெரிக்காவின் டொலிடோ நகரில் குழாய்நீரைப் பருகலாகாது என அறிவிக்கப்பட்டது. ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்க வைப்பினும் அந்நஞ்சு அழியாது. 4 இலட்சம் மக்கள் அளவில் அல்லலுற்றனர். ஆகஸ்டு 4ஆம் நாளன்றே தடை நீங்கிற்று.

பாசிக்கு உணவாகிய பாஸ்பரஸின் பெரும்பகுதி, மௌமி ஆற்றின் வழியே வேளாண் நிலங்களிலிருந்து வந்ததாகும். பல்கலைக்கழகங்கள் பல தத்தம் மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தன. நகரக் கழிவுநீர் நிலையங்களை மட்டும் சீர்செய்தால் போதாது என்பது அவற்றின் பொது முடிவு. 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 விழுக்காடு பாஸ்பரஸைக் குறைக்க அமெரிக்காவும் கனடாவும் 2016இல் இலக்கு வகுத்தன.

முடிவுரை

பழி ஒருவர்மேல், பிழை பலர்மேல் என்னும் நிலையில் நீதி காண்பது அரிது. எங்கே உரத்தைக் குறைப்பது, எங்கே கரையோரப் புல்வரம்பு அமைப்பது, எவ்வீதியில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது என்னும் வினாக்களுக்குப் பொருள் செலவிடுமுன்பே விடை தேட மாதிரி துணைசெய்கிறது. ஆயினும் ஆற்றங்கரையில் நின்று நீரை முகந்து அளப்போர் இன்றேல், கணிப்பொறியின் கணக்கிற்கு மதிப்பில்லை. அறிவியல் பயிலும் மாணவர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே பயிலுதல் வேண்டும்.