ஏலியன் ஐசொலேஷன்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நல்ல திகில் விளையாட்டு ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஏலியன் ஐசொலேஷன். இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கியது, 2014 அக்டோபரில் வெளிவந்தது. வயது பத்தைத் தாண்டியும் இதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் எளிதில் காட்ட முடியவில்லை. ஆனால் எதிரே வருவதையெல்லாம் சுட்டுத் தள்ளும் ஆட்டம் என்று நினைத்து வாங்கினால் ஒரே வாரத்தில் வெறுத்துப் போகும்.

கதை நடப்பது 2137இல். ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த ஏலியன் படக் கதைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. காணாமல் போன தாய்க்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அமாண்டா ரிப்ளி செவாஸ்டோபோல் என்ற விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். படத்தில் வந்த அதே வகை ஏலியன் மிருகம் அங்கே திரிகிறது. அதைக் கொல்ல வழியில்லை. ரிவால்வர் குண்டு அதற்கு உறைக்காது. தீயைப் பீய்ச்சி விரட்டலாம். அடிக்கடி விரட்டினால் அந்தப் பயமும் அதற்குத் தெளிந்துவிடும். ஒளிவது, காத்திருப்பது, காது கொடுப்பது, இவைதான் உங்கள் கையில் உள்ளவை.

மிருகத்தை இயக்கும் முறையில்தான் தயாரித்தவர்களின் திறமை தெரிகிறது. அதற்கு இரண்டு மூளைகள். மேலிருந்து நடத்தும் மூளைக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எப்போதும் தெரியும். ஆனால் மிருகத்துக்கு அது இடத்தைக் காட்டிக் கொடுக்காது. இந்தப் பக்கம் தேடு என்ற அளவில் ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கும். மிருகத்தின் சொந்த மூளை தன் கண்ணாலும் காதாலும்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வெகுநேரம் உங்களை நெருக்கிவிட்டால் மேல்மூளையே அதைக் காற்றுக் குழாய்க்குள் திருப்பி அனுப்பும். ஆட்டம் நகர நகர அதன் புதிய பழக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். அதனால் அது நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்றே தோன்றும். யூடியூபில் ஒருவர் போன வழியிலேயே நீங்களும் போனாலும் அது அதே இடத்தில் நிற்காது. வழியை மனப்பாடம் செய்யாமல் மிருகத்தின் பழக்கத்தைக் கவனியுங்கள். மேலே குழாய் வாயிலிருந்து எச்சில் சொட்டினால் அதற்கு அடியில் போகாதீர்கள். கையிலுள்ள நகர்வு காட்டும் கருவியின் சத்தம் அருகில் இருக்கும் மிருகத்துக்கும் கேட்கும். அதைச் சட்டென்று எடுத்துப் பார்த்து உடனே கீழே இறக்குங்கள்.

ஒலிதான் இந்த ஆட்டத்தின் உயிர். பழைய படத்தின் ஓவியங்கள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள் என மூன்று டெராபைட் அளவுக்கான மூலப் பொருள்களை ஃபாக்ஸ் நிறுவனம் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. காலடி கேட்பது தரையிலா, தலைக்கு மேலா என்று பிரித்து அறிய வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம், எடப்பாடி பக்கம் தறி ஓடும் தெருவில் வீடு இருந்தால் டிவி ஸ்பீக்கரை நம்பி ஆட முடியாது. சித்திரை வெயிலில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் அறையிலும் இதே கதைதான். காதை முழுதாக மூடும் ஹெட்போன் வாங்குங்கள், வயர் வைத்ததாக. ப்ளூடூத்தில் சத்தம் சற்றுப் பிந்தி வரும். இங்கே அந்தத் தாமதம் உயிரை வாங்கும். பிஎஸ்4 கேமராவோ எக்ஸ்பாக்ஸ் கினெக்டோ இருந்தால், உங்கள் அறையின் சத்தம் மிருகத்துக்குக் கேட்கும்படி செய்யும் ஒரு வசதி உண்டு. அற்புதமான யோசனை. ஆனாலும் நம் ஊர் வீட்டில் அதை அணைத்து வையுங்கள்.

அடுத்தது பலரை அழவைக்கும் விஷயம், சேவ் செய்வது. பெரும்பாலும் தானாகப் பதிவாகாது. சுவரில் ஆங்காங்கே இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை நிற்க வேண்டும். நிற்கும்போதே பின்னால் வந்து கொன்றும் விடலாம். செத்தால் முந்தைய தொலைபேசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அரை மணி நேர உழைப்பு போய்விடும். இது கொடுமை என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். இழக்க ஒன்றுமில்லை என்றால் அந்த நடைபாதையில் யாருக்கும் பயம் வராது. ஆனால் மிருகம் கொல்வது வேறு, மின்சாரம் போவது வேறு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று செய்தி வந்தால் அன்றைக்கு மேசைக் கணினியில் உட்காராதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்த நிலையில் வைத்தால் மின்சாரம் மாறும் வேகம் கூடும். கணினி அணைந்து எழும் வாய்ப்பு குறையும். எல்லாவற்றையும்விட லேப்டாப் நல்லது. ஒரு சாவியோ கருவியோ கிடைத்த உடனே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பதிவு செய்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கடினம் என்ற நிலையில் ஆடுவதையே தயாரித்தவர்கள் பரிந்துரைக்கிறார்கள். முதல் முறை ஆடுகிறவர்கள் அதைக் கேட்க வேண்டாம். ஐந்தாவது கட்டத்தில் வரும் சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பிரிவில் பலர் கைவிடுகிறார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் நிலையைக் குறைத்துக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை. மிக எளிய நிலை பிறகுதான் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்துங்கள். அலமாரிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மேசைக்கு அடியில் குனிந்து நகர்ந்துகொண்டே இருப்பவர்கள்தான் சீக்கிரம் கடக்கிறார்கள்.

உண்மையான குறை நீளம். பத்தாவது கட்டம் முடிந்ததும் மிருகம் பின்னுக்குப் போய், வொர்க்கிங் ஜோ எனும் இயந்திர மனிதர்களோடு மல்லுக்கட்டும் பகுதி வருகிறது. போ, சுவிட்சைப் போடு, திரும்பி வா என்பதே வேலையாகிவிடுகிறது. 18 கட்டங்களை 13 ஆகச் சுருக்கியிருந்தால் குறை சொல்ல இடமே இருந்திருக்காது. 2014இல் பிசி கேமர் இதழ் 100க்கு 93 கொடுத்தபோது ஐஜிஎன் 10க்கு 5.9தான் கொடுத்தது. அந்த மதிப்பெண் அநியாயம். ஆட்டம் இழுக்கிறது என்ற புகார் மட்டும் நியாயம். பத்தாவது கட்டம் முடிந்ததும் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்குங்கள்.

புதுக் கணினி வேண்டியதில்லை. 4 ஜிபி ராம், 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 35 ஜிபி இடம் இருந்தால் போதும் என்பதால் பழைய மேசைக் கணினியிலும் ஓடும். ஸ்டீமில் தள்ளுபடி அடிக்கடி வரும். முழு விலை கொடுக்காதீர்கள். 2021 டிசம்பரில் ஃபெரல் இன்டராக்டிவ் கொண்டுவந்த மொபைல் பதிப்பு குறைவைக்காத வேலை. ஆனால் போனில் 10 ஜிபிக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும், தொடுதிரையைவிட கன்ட்ரோலரே கைக்கு அடங்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆன்லைன் விளையாட்டு என்றதும் நம் பக்கத்தில் ரம்மியும் அதில் போன பணமும்தான் நினைவுக்கு வருகின்றன. 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும் அந்த வகை ஆட்டங்களைக் குறிவைத்ததே. இது அப்படியல்ல. ஒரு முறை வாங்கினால் சரி. பந்தயமும் இல்லை, உள்ளே பணம் கட்டவும் வேண்டாம். அதே நேரம் ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை பெற்றது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, எவ்வளவு அடம்பிடித்தாலும், வாங்கித் தராதீர்கள்.

2024 அக்டோபரில் இதன் இரண்டாம் பாகம் உருவாகி வருவதாக அறிவித்தார்கள். அது வருவதற்குள் முதல் பாகத்தை நார்மல் நிலையில் ஒரு முறையாவது ஆடி முடித்துவிடுங்கள்.