நகரில் வாழும் உரிமை

கேள்வி: தொழிலாளர் வழக்கு மனித உரிமை வழக்காகவும் ஆக முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தென்னாப்பிரிக்காவில் ஆகியிருக்கிறது. நிறவெறி ஆட்சி நடந்த 1979இல், ஆர்தர் சாஸ்கல்சன் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் ‘லீகல் ரிசோர்சஸ் சென்டர்’ என்ற சட்ட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்கு இலவசமாக வாதாடுவதே அதன் வேலை.

ஒரே முதலாளியிடம் பத்தாண்டுகள் தொடர்ந்து உழைத்த கறுப்பினத் தொழிலாளி நகரில் வசிக்கலாம் என்றது அன்றைய சட்டம். அந்தத் தொடர்ச்சியை அறுக்கவே, ஆண்டுதோறும் அவரை ஊருக்கு அனுப்பிப் புது ஒப்பந்தம் போட வைத்தார்கள். எவ்வளவு கொடூரமான தந்திரம்! ரிக்கோட்டோ என்ற தொழிலாளிக்காக இந்த நிறுவனம் போராடியது. இடையில் ஊருக்குப் போய் வருவதால் வேலைத் தொடர்ச்சி முறியாது என்று 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு நகரில் நிலைக்க வழி பிறந்தது.

சாஸ்கல்சன் பின்னாளில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தின் முதல் தலைவரானார்.

நிறுவனம் ஓயவில்லை. தங்கச் சுரங்கத் தூசியால் சிலிகோசிஸ் நோய்க்கு ஆளானவர்களுக்காக வேறு வழக்கறிஞர்களோடு சேர்ந்து வழக்காடியது. 2018இல் சுரங்க நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்ட் இழப்பீட்டுக்கு உடன்பட்டன. இறந்த தொழிலாளர்களின் குடும்பத்தாருக்கும் அதில் பங்குண்டு.