ரம்புக்கனையில் ஊசி எடுக்கும் தங்கச்சிக்கு



ரம்புக்கனை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் அக்குபங்சர் அறை திறக்கிறீர்கள். சந்தோசம். வரப்போகிறவர்கள் யார் என்று முதலில் யோசியுங்கள். விடியுமுன் றப்பர் மலைக்குப் போய், குனிந்து குனிந்து பால் வெட்டி இடுப்புப் பிடித்த அக்கா வருவார். கொழும்புக்கு வேலைக்குப் போன மகனை நினைத்துத் தூக்கம் கெட்ட அம்மா வருவார். கடன்காரர் லயத்து வாசலில் நிற்கும் உளைச்சலோடும் ஒருவர் வருவார். அந்தக் கடனை ஊசி அடைக்காது. அன்றிரவு அவர் தூங்கினால் அதுவே பெரிய காரியம்.

இலங்கையில் இந்த வைத்தியத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அன்டன் ஜயசூரிய. களுபோவில ஆஸ்பத்திரியில் அவர் நடத்திய கிளினிக்குக்கு வெளிநாட்டவர்களும் வந்து படித்தார்கள். ஆனால் அவர் முதலில் மூட்டுவாத நோய்களைப் பார்த்த ஆங்கில வைத்தியர். இதை மறந்துவிட்டு அவர் படத்தை மட்டும் சுவரில் மாட்டுகிறவர்கள் உண்டு.

2007இல் ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர் 1,162 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. முறையான அக்குபங்சரில் 47.6 வீதமானோருக்குக் குணம் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 வீதம். நம் ஆட்கள் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்களில் ஒப்புக்கு மேலாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 வீதமானோருக்குக் குணம் தெரிந்தது! அப்படியென்றால் அமைதியாகப் படுக்க வைத்ததும், கைபிடித்து வலியை விசாரித்ததும் வேலை செய்திருக்கலாம். தோட்டத்து ஆளிடம் அவ்வளவு நேரம் ஒதுக்கி யார் விசாரிக்கிறார்கள்? நீங்கள் விசாரியுங்கள்.

குமட்டலுக்கு நன்றாகத் தேறிய புள்ளியும் உண்டு. மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் நெய்குவான். விரல் அளவு நோயாளியுடையது, உங்களுடையதல்ல. சத்திரசிகிச்சைக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பின் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர் உதவும் என்று 1997இல் அமெரிக்க நிபுணர் குழு ஒப்புக்கொண்டது.

சீன மூலிகைப் பொட்டலங்களை மட்டும் அறைக்குள் விடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் கலந்துவிட்டது. அது நம் ஈஸ்வரமூலியின் இனம்.

ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்கு வேண்டாம். நெஞ்சுப் பக்கம் ஆழம் போனால் நுரையீரல் ஓட்டையாகும். என்ன குளிசை போடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நெஞ்சு இறுகுகிறது, ஒரு பக்கம் மரத்துப்போகிறது என்றால் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு, கேகாலை ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடியுங்கள்.

அறையைப் பின்னேரம் திறவுங்கள். காலையில் திறந்தால், பால் வெட்டுகிறவர் உங்களிடம் வர ஒரு நாள் பேரை, அதாவது கூலியை, விடவேண்டியிருக்கும்.