சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: என் மகனுக்கு வயது 17. அறிவுசார் குறைபாடு உள்ளவன். பெற்றோர் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சந்தா கட்டி, நாலு பேர் கூடி அழுதுவிட்டு வருவதில் என்ன பலன்?
– ஒரு தாய், ஸ்ரீரங்கம்

பதில்: அழுவதற்கு இடம் கிடைப்பதே பெரிய விஷயம்தான் அம்மா. அது இருக்கட்டும். அடுத்த வருஷம் உங்கள் மகனுக்கு 18 ஆகிவிடும். சட்டப்படி அவன் மேஜர். பேங்கிலோ பத்திர ஆபீஸிலோ அவனுக்காக நீங்கள் போடும் கையெழுத்து செல்லாமல் போகலாம். 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுத்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்க வேண்டும். இது எத்தனை வீடுகளில் தெரியும்? ஏற்கெனவே வாங்கிய இன்னொரு அம்மா சங்கத்தில் சொன்னால்தான் தெரிகிறது. எந்தக் காகிதம், எத்தனை நகல் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்; ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து நீங்கள் திருச்சிக்கு வீணாக அலைய வேண்டாம். 1 லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடும் அதே சட்டத்தால் வந்த அறக்கட்டளையுடையதுதான்.

பெற்றோர் கூடி என்ன செய்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள். டெல்லியில் 1991-இல் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவாவும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய்தான்.

ஒன்று மட்டும்: சங்கத்தைச் சம்பளமில்லாமல் நடத்துகிறவர்களும் உங்களைப் போன்ற பெற்றோர்களே. போன் எடுக்கத் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வரவு செலவுக் கணக்கைத் தயங்காமல் கேளுங்கள். காட்டினால், சந்தாவைக் கட்டிவிடுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள்.